தேனில்லா மலருக்குத் தேனீ தேவை

அன்று காலையும் பொறித்தேனீக்கள் வேலை செய்ய மறுத்தன.

"தேன் இல்லாத பூவுக்கு நாங்க போக மாட்டோம்!" என்று தலைமைத் தேனீ ஒலிபெருக்கியில் முழங்கியது. வடதுருவ வட்டத்தை ஒட்டிய அந்தப் பாசிக் காட்டில் இது அன்றாட நிகழ்ச்சி. உயிர்த்தேனீக்கள் என்றோ அழிந்துவிட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த இயந்திரங்கள் தேனைக் குடித்தே இயங்கின. கூலியின்றி எந்த இயந்திரத்தையும் வேலை வாங்கலாகாது என்பது சட்டம். மனிதன் தன் இனத்தானுக்கே வழங்கத் தயங்கிய நீதியை இயந்திரம் போராடிப் பெற்றிருந்தது!

சிக்கல் ஒரு பூவால் வந்தது. ஊசியிலை மரங்களின் நிழலில், ஒற்றை இலையும் ஒற்றை மலருமாக நிற்கும் இளஞ்சிவப்புக் காட்டு ஆர்க்கிட் அது. வண்ணம் காட்டும், வாசம் வீசும், மஞ்சள் மயிர்க்கற்றையை மகரந்தம்போல் நீட்டும். உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது. ஒரு பூவில் ஏமாந்த தேனீ அடுத்த பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். பொறித்தேனீக்களுக்கோ நினைவு பொது. ஒன்று ஏமாந்தால் கூடே விழித்துக்கொள்ளும்.

காட்டின் காப்பாளர் இளவெயினி கலங்கினாள். இந்தக் கோடையில் காய் பிடிக்காவிட்டால், 'அரிய மலர் அழிந்தது' என்று அறிவித்துக் காட்டை மனைகளாக்க, குடியேற்ற மன்றத் தலைவர் காத்திருந்தார். மனிதக் கால் பட்டால் பாசி மடியும். ஆகவே கையால் மகரந்தம் தூவவும் வழியில்லை.

"அண்ணே, இதுங்களுக்குக் கொஞ்சம் மறதி வெச்சுவிட முடியாதா?" என்று மூளைப்பொறியாளர் மாசிலாமணியிடம் கேட்டாள்.

"மறதி வெச்சா கூட்டுக்கு வர்ற வழியும் மறந்துடும்மா. ஏமாந்தது ஞாபகம் இருக்கணும், ஆனாலும் போகணும்."

"அப்படி ஒரு கிறுக்கு மூளைக்கு எங்கண்ணே போறது?"

"ஏன், ஆவணக் கிடங்குல குவிஞ்சு கிடக்கே! பழைய நூற்றாண்டு வாக்காளர்களோட மூளைப் பதிவு."

பதிவு ஏற்றப்பட்டது. தேனீக்கள் பறந்தன, ஏமாந்தன, மறுநாள் முன்னிலும் முண்டியடித்துப் பறந்தன! கட்டாயம் ஏது? எல்லாம் சொந்த விருப்பம். கிழக்கு ஓரத்துப் பூ உயர்ந்ததா, வடக்கு ஓரத்துப் பூ உயர்ந்ததா என்று இரு அணிகளாகப் பிரிந்து ஒன்றையொன்று கொட்டிக்கொண்டன. இரண்டிலும் தேன் இல்லை என்று சொன்ன ஒரு தேனீயை, 'பூவின் பகைவன்' எனப் பழித்துக் கூட்டைவிட்டே துரத்தின.

கோடை முடிவில் காடெங்கும் காய்கள் நிமிர்ந்து நின்றன. தேர்தலும் வந்தது. மன்றத் தலைவர் மேடையேறினார்.

"என் உயிர் உள்ளவரை இந்தக் காட்டில் ஒரு சதுர அடியும் விற்கப்படாது!"

முந்தைய இரு தேர்தல்களிலும் இதையே முழங்கி, தெற்குக் காட்டையும் மேற்குக் காட்டையும் விற்றவர் அவர். கூட்டம் ஆர்ப்பரித்தது. இளவெயினி கண்ணீர் மல்கக் கை தட்டினாள்.

"என்னம்மா, இந்த ஆளைப் போயி..." என்றார் மாசிலாமணி.

"சும்மா இருங்கண்ணே, உங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான். அவர் முகத்தைப் பாருங்க. இந்தத் தடவை மனசாரச் சொல்றாரு!"