பூட்டிய பெட்டிக்குள் இரண்டாம் பாதை

மாலை 4:12. ஓடிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸின் திரையில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த டாக்டரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. 4:23-க்கு அது மறுபடி அசைந்தபோது, படுக்கையிலிருந்த தையற்காரர் இறந்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பழியை நர்ஸின் தலையில் கட்டியாயிற்று. வண்டியில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் இரண்டு சிம்; ஒன்று போனால் மற்றொன்று தாங்க வேண்டும். மலைச்சாலையில் முதல் சிம்முக்கு சிக்னல் போய்விட்டது. இரண்டாவதில் முழு சிக்னல், ஆனால் அதன் வழியே எதுவுமே போகவில்லை. நர்ஸ் எதையோ அணைத்துவிட்டாள் என்றார் வண்டியின் இணைப்பைக் கவனிக்கும் புரோகிராமை எழுதிய இன்ஜினியர். பெரிய பதவியில் இருப்பவர் சொன்னால் சீக்கிரம் எடுபடும்.

விசாரிக்க வந்த அதிகாரி அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் பூதக்கண்ணாடி. 10:40-க்கு இருவரையும் இன்ஜினியரின் அறையில் உட்கார வைத்தார்.

“எதையாவது தொட்டியாம்மா?”

“ரெண்டு கையும் அவர் நெஞ்சு மேல இருந்துச்சு மேடம்,” என்றாள் நர்ஸ். “அடுத்து எந்த மருந்துன்னு கத்திக் கேட்டேன். டாக்டர் முகம் என்னையே பாத்துட்டு இருந்துச்சு.”

“சிம் பெட்டி?”

“பூட்டித்தான் இருக்கும். சாவி சார்கிட்ட.”

பெட்டியின் சீல் உடையவில்லை என்பதை பூதக்கண்ணாடி காலையிலேயே பார்த்திருந்தார். இப்போது இன்ஜினியரின் திரையைப் பார்த்தார். மூலையில் ஒரு வரி: ‘இரண்டாம் பாதையைத் திறக்கவா?’ எழுதிய நேரம் 4:12. வந்த நேரம் 4:23.

“இது என்ன சார்?”

“புரோகிராம் அனுமதி கேக்குது. லேட்டா வந்துச்சு, நான் கவனிக்கல.”

“ரெண்டாவது சிம்முக்குப் பாதையைத் திறக்கிறது யார் வேலை?”

“சும்மா விட்டா வண்டிக் கம்ப்யூட்டரோட இயங்குதளமே திறந்துக்கும். நம்ம கட்டுப்பாட்டுல இருக்கட்டும்னு அந்த வேலைய அதுகிட்டேருந்து எடுத்து என் புரோகிராம்கிட்ட குடுத்தேன்.”

“சரி. புரோகிராம் உங்ககிட்ட எந்த வழியா அனுமதி கேட்டுச்சு?”

இன்ஜினியர் திரையில் அந்த வரியை மறுபடி படித்தார்.

“முதல் சிம் வழியா,” என்றார் பூதக்கண்ணாடி. “அதுதான் படுத்துடுச்சே. பக்கத்துலயே நல்ல வழி இருக்கு. அதுல போகணும்னா உங்க சம்மதம் வேணும். முதல் சிம்முக்கு சிக்னல் திரும்புற வரைக்கும் பதினோரு நிமிஷம் காத்துட்டு இருந்திருக்கு. வண்டியில யாரும் எதையும் அணைக்கல. பாதையைத் திறக்க விடாம வச்சது உங்க விதி சார்.”

நர்ஸின் வேலை தப்பியது. அவளுக்கு அதில் சந்தோஷமில்லை. “அப்ப நான் கத்துனது யாருக்குமே கேக்கலையா மேடம்?” என்றாள்.

திரையில் அந்த வரி இன்னும் காத்திருந்தது. இன்ஜினியரின் விரல் தானாகப் போய் ‘சரி’யை அழுத்தியது. வாசலில் நின்றிருந்த காலி ஆம்புலன்ஸிலிருந்து உடனே பதில் வந்தது: 11:02. இரண்டாம் பாதை திறக்கப்பட்டது.