மோட்டார் பெட்டியின் பூட்டு

மாயா ஐந்து மணிக்கு எழுந்தாள். முகம் கழுவினாள். பாலை அடுப்பில் வைத்தாள். இரவு ஷிஃப்டுக்குப் போன கணவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்தாள். முடியை அள்ளிச் செருகிக்கொண்டாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். அதில் நீலக் கயிறு கட்டியிருந்தது. இரண்டு மாடி இறங்கினாள். அந்த வாரம் மோட்டார் போடும் முறை அவள் வீட்டுடையது.

ஆறு மணி கடந்து சில நிமிடங்கள். பள்ளிவாசலில் தொழுகை முடித்து, டீயும் குடித்துவிட்டுத் திரும்பிய முதல் மாடி சௌக்கத் அலி அவளைப் பார்த்தார். அவருடைய வெள்ளை ஆம்னி வேனின் தட்டையான முகப்புக்கும் பின்சுவருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் உடம்போடு சேர்ந்து அகப்பட்டிருந்தன. கண் திறந்திருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் எட்டு வீடும் இறங்கி வந்தது.

திருவொற்றியூர் சாகர் ஃபிளாட்ஸில் வீடுகள் எட்டு, கார் நிறுத்தும் இடங்கள் நான்கு. தெருவுக்குத் தார் போடப் போடத் தெரு உயர்ந்தது, கட்டடம் பள்ளத்தில் நின்றது. வாசலிலிருந்து பின்சுவர் வரை தரை உள்பக்கமாகச் சரியும். இடம் கிடைக்காதவர்கள் அந்தச் சரிவில்தான் வண்டி விடுவார்கள். சரிவு முடிகிற சுவரில் இரும்புப் பெட்டி. அதற்குள் மோட்டார் சுவிட்ச்.

2003, மே மாதம். ஊரில் தண்ணீர் இல்லை. வாரத்துக்கு இரண்டு லாரி. அதை நிலத்தொட்டியில் இறக்கி, மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும்.

காலை 7.00

உதவி ஆய்வாளர் செங்கொடி வந்தபோது வேனைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். மாயாவைத் தரையில் கிடத்தி, யாரோ ஒரு பழைய திரைச்சீலையால் மூடியிருந்தார்கள். நல்ல போர்வை எடுத்துவர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"வண்டிக்காரன்தான் மேடம்," என்றார் கூட வந்த காவலர் நீலமேகம். "செங்கல் நவுந்து வண்டி உருண்டுகீது. இன்ஸ்பெக்டர் ஐயா போன்ல சொல்லிட்டாரு, மதியத்துக்குள்ள கேஸ முடிச்சு ஆள உள்ள வைக்கணுமாம்."

செங்கொடி முதல் தூணில் மாட்டியிருந்த பலகையைப் படித்தாள். சங்க விதிகள். வழியில் விடும் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. மற்றவர்கள் தள்ளிக்கொள்வார்கள். முன்சக்கரத்துக்குச் செங்கல் வைக்க வேண்டும். செங்கல்லை எடுப்பவர் தூணருகே அடுக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது பூட்டும் சாவியும் பெட்டிக்குள் ஆணியில் தொங்க வேண்டும். தண்ணீர் வழியக் கூடாது. கீழே கையெழுத்து: ராமதாஸ், செயலாளர்.

"பிரேக் போடக் கூடாதுன்னு ஒரு சட்டமா?"

"எட்டு வீட்டுக்கு நாலு இடம்மா. வேற வழி?" ராமதாஸ் முன்னால் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. "நான் எதையும் யாரையும் தொட விடலை. வண்டியை மட்டும் தள்ளினாங்க. மத்ததெல்லாம் இருந்தபடி இருக்கு."

"நீங்க எப்ப கீழே வந்தீங்க?"

"பாய் சத்தம் கேட்டு. அதுவரைக்கும் பூஜையில இருந்தேன்."

"அவங்ககூட உங்களுக்குத் தகராறு உண்டா?"

"ஊருக்கே தெரியும். ஒளிக்க ஒண்ணுமில்லை."

அவர் காட்டிய திசையில் நாலாம் நம்பர் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கொக்கி. தரையில் அறுந்த சங்கிலி. ராமதாஸிடம் கார் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வந்தால் நிறுத்துவதற்காக நாலு வருடமாக அந்த இடத்தைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார். மகன் வரவில்லை. அது மாயா வீட்டுக்குச் சேர்ந்த இடம். முந்தின நாள் மாலை அவள் ஹாக்ஸா பிளேடு கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சங்கிலியை அறுத்தாள்.

"செத்தாலும் உங்க சங்கிலி இங்க வராதுன்னு சொன்னா. அவ பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதான்," என்றார் ராமதாஸ். "வாய்க்கு ஏத்த சாவு."

சௌக்கத் அலி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. யாரோ அவர் தொப்பியைத் தட்டிவிட்டிருந்தார்கள். அதை அவர் எடுக்கவில்லை.

"வண்டிய எப்ப விட்டீங்க?"

"ராத்திரி மேடம். சாத்தாங்காட்டுலேந்து வந்தேன். பின்னால நட்டு போல்ட்டு மூட்ட கீது. கனம்."

"செங்கல்?"

"வெச்சேன். காலைல தொழுவப் போறப்போ காலால ஒதச்சும் பாத்தேன். தெனம் பாப்பேன். ஆடல, அசையல."

"திரும்பி வந்தப்ப?"

"அந்தப் பொண்ணு அப்டி நின்னுகினு இருந்துச்சு. நாலு பேரு சேந்து வண்டியத் தள்னோம். மறுக்கா உருண்டுரும்னு செங்கல்லுக்கு ஓடுனேன். தூண்கிட்ட இருந்துச்சு. எடுத்தாந்து வெச்சேன்."

"மோட்டார் ஓடிச்சா?"

"இல்ல மேடம். சத்தமே இல்ல."

"பெட்டியை யாராவது தொட்டீங்களா?"

"யாரு தொடுவா? செயலாளர் சார் பக்கத்துலயே வுடல."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இன்னா பாய், வசனம் பேசிக்கினு கீற? ஆளக் கொன்னுட்டு!"

செங்கொடி முதல் மாடி ஏறினாள். சௌக்கத் அலியின் மனைவி ரிஃபானா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர உள்ள வெச்சிருவாங்களா மேடம்?"

"நீங்க என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க."

"மோட்டார் சத்தம் வந்துச்சு. அது கூடவே டமால்னு ஒண்ணு. அப்றம் மாயாக்கா கத்துனாங்க. வண்டிய எடுங்க, வண்டிய எடுங்கன்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

ரிஃபானா தரையைப் பார்த்தாள். "தெனம் அதான் மேடம் கத்துவாங்க. எங்க வண்டியப் பாத்தாலே அவங்களுக்கு ஆவாது. காலங்காத்தால பேஜாரு எதுக்குன்னு ஜன்னலச் சாத்திட்டேன்."

"எவ்வளவு நேரம் கத்தினாங்க?"

"தெரியல. சாத்திட்டா கேக்காது."

செங்கொடி கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். புழுக்கமான மே மாதம். அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாமே சாத்தியிருந்தன.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் சுவரை ஒட்டி இறங்கியது. தொட்டி நிரம்பினால் அதன் வழியாக வழியும். அதற்கு நேர் கீழே சுவர் ஈரமாக இருந்தது. தரையில் சின்னக் குட்டை. ஒரு காகம் அதில் குடித்துக்கொண்டிருந்தது.

"பெட்டியைத் திறங்க," என்றாள்.

மோட்டார் பெட்டியில் பழைய திண்டுக்கல் பூட்டு தொங்கியது. ராமதாஸ் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துத் திருகினார். உள்ளே சுவிட்ச் அணைந்திருந்தது. பக்கத்து ஆணியில், விதிப்படி, நீலக் கயிறு கட்டிய சாவி தொங்கியது.

"இதுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. முறைக்காரங்ககிட்ட ஒண்ணு. எங்கிட்ட ஒண்ணு. என் சாவி இடுப்பை விட்டு இறங்காது."

அவள் பூட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அப்போது பாரி வந்தான். மாயாவின் கணவன். எண்ணூரில் லேத் வேலை. கையில் காலி டிபன் பாக்ஸ். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். மறுபடி மூடினான். பிறகு டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலச் சுற்றிலும் பார்த்தான்.

பகல் 2.30

பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் டாக்டர் கையைத் துடைத்தபடி செங்கொடியிடம் சொன்னார்: "உடனே சாகலை. வண்டி அழுத்த அழுத்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் நின்னிருக்கு. அரை மணி நேரம் இருந்திருப்பாங்க. நினைவோட."

"வண்டியைத் தள்ளியிருந்தா?"

"பிழைச்சிருப்பாங்க."

மாலை 5.00

சாகர் ஃபிளாட்ஸில் சங்கக் கூட்டம் நடந்தது. நாலாம் நம்பர் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இரங்கல் ஒரு நிமிடம். அடுத்தது, வழியில் வேன் விடத் தடை. அதற்கடுத்தது, சுவரில் இருந்த ரத்தக் கறை.

"யாரு கழுவுறது?" என்றார் ஒருவர்.

"இந்த வாரம் முறை அவங்க வீடு," என்றார் இன்னொருவர். "அவங்கதானே கழுவணும்? தொட்டி வேற வழிஞ்சிருக்கு."

பாரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். டிபன் பாக்ஸ் இன்னும் மடியில் இருந்தது. தலையாட்டினான்.

செங்கொடி நீலமேகத்துடன் உள்ளே வந்தாள். பின்னால் சௌக்கத் அலி.

"இவரை ஏம்மா கூட்டிட்டு வந்தே?" என்றார் ராமதாஸ்.

"வீட்ல விடத்தான். இவர் மேல தப்பில்ல."

கூட்டம் முணுமுணுத்தது.

"செங்கல் தானா நகர்ந்திருந்தா எங்க கிடக்கும்? சக்கரத்து வழியில, நசுங்கி. இல்ல, பக்கத்துல உருண்டு. இவர் எடுத்தது எங்கேருந்து? தூணருகே. விதிப்படி அடுக்கி வெச்ச இடத்துலேருந்து. யாரோ கையால எடுத்திருக்காங்க. எடுத்ததை ஒழுங்கா வெச்சிருக்காங்க."

"அவளே எடுத்திருப்பா," என்றார் ராமதாஸ். "வண்டி மேல அவளுக்குக் கோபம்."

"எடுத்துட்டு, உருள்ற வண்டிய முந்திக்கிட்டு ஓடிப்போய் அதுக்கு முன்னாலயே நின்னாங்களா?"

அவர் சங்க நோட்டைப் புரட்டினார்.

"சரி, செங்கல்ல விடுங்க. மோட்டாரப் பத்திப் பேசுவோம். மோட்டார் சத்தம் வந்ததும் டமால்னு கேட்டுதுன்னு ரிஃபானா சொல்றாங்க. அதாவது சுவிட்ச் போட்ட கையோட மாயா மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு கையும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல. அதுக்கப்புறம் மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி, வழிஞ்சிருக்கு. காலைல குட்டையை நானே பார்த்தேன். ஆனா பாய் வந்தப்ப மோட்டார் ஓடலை. அணைச்சது யாரு?"

"கரண்ட் போயிருக்கும்மா."

"சுவிட்ச் அணைஞ்சிருந்தது. நீங்கதான் திறந்து காட்டினீங்க." அவள் பூட்டை நீட்டினாள். "இது அமுக்கினா பூட்டிக்கிற பூட்டு இல்ல. சாவி போட்டுத் திருகணும். மாயா சாவி எங்க இருந்தது?"

சௌக்கத் அலி மெல்லச் சொன்னார்: "பொட்டிக்குள்ள."

"பெட்டிக்குள்ள. ஆணியில. பெட்டி பூட்டியிருக்கு, அதைத் திறந்த சாவி உள்ளே தொங்குது. அப்ப பூட்டினது ரெண்டாவது சாவி. அது இடுப்பை விட்டு இறங்காது. இல்லையா சார்?"

ராமதாஸின் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அவங்க மோட்டார் போட இறங்கின நேரம் நீங்க செங்கல்ல எடுத்தீங்க. சரிவு, கனமான வண்டி. தள்ளக்கூட வேண்டியதில்ல. எடுத்த செங்கல்லைத் தூணருகே வெச்சீங்க, ஏன்னா விதி. அரை மணி நேரம் பக்கத்துல நின்னீங்க. தொட்டி வழிஞ்சதும் அவங்க தோளுக்கு மேல கைய விட்டு மோட்டார அணைச்சீங்க, ஏன்னா விதி. பழக்கத்துல பெட்டியப் பூட்டுனீங்க. பத்து வருஷமாப் பூட்டுன கை. சாவி உள்ள கிடக்குதேன்னு பார்க்கலை. பார்த்தாலும் உறுத்தியிருக்காது. அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்தது."

நாற்காலிகள் ஒவ்வொன்றாக அவரை விட்டு விலகின. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், "அப்ப வேன் தடை தீர்மானம் இன்னா ஆவுறது?"

"எல்லார் முன்னாடியும் என் சங்கிலிய அறுத்தா," என்றார் ராமதாஸ். "என் பையன் வர்ற இடம். காலு ஒடிஞ்சு கிடக்கட்டும்னுதான் எடுத்தேன். சாவான்னு நினைக்கலை."

"அரை மணி நேரம் சார்," என்றாள் செங்கொடி. "காலு ஒடியறதப் பார்க்கவா நின்னீங்க?"

நீலமேகம் அவர் கையைப் பிடித்தார்.

பாரி எழுந்து வந்தான். டிபன் பாக்ஸைக் காலி நாற்காலியில் வைத்தான். அடிப்பான் என்று நினைத்து நீலமேகம் குறுக்கே நின்றார். அவன் அடிக்கவில்லை.

"செத்தாலும் சங்கிலி வராதுன்னு சொன்னது நேத்து," என்றான். "காலைல இன்னா சொன்னா?"

ராமதாஸ் சுவரைப் பார்த்தார். "வண்டியை எடுக்கச் சொன்னா. கத்தினா. ஒருத்தரும் வரலை. அப்புறம் என்கிட்ட கெஞ்சினா. அழுதா. அப்புறம் கத்த மூச்சில்லை."

"அப்றம்?"

"மேலேருந்து தண்ணி வழிஞ்சது. நான் கவனிக்கலை. அவதான் சொன்னா."

"இன்னா சொன்னா?"

ராமதாஸின் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. பிறகு அவள் சொன்னபடியே சொன்னார்.

"சார், தொட்டி ரொம்பிடுச்சு. மோட்டார நிறுத்திடுங்க."