பின் இருக்கையில் யாருமில்லை

பின் இருக்கையில் ஒரு குழந்தை இருப்பதாகக் கார் சொன்னது. திரையில், இடதுபக்க இருக்கையின் மேல் குட்டி மனித உருவம் ஒன்று பச்சையாக எரிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். இருக்கை காலி. புது மெத்தையின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை.

"வந்துட்டியாம்மா? இன்னிக்கு எங்க போகணும்?" என்று வெறும் இருக்கையை விசாரித்துவிட்டு, திரையில் இருந்த 'யாருமில்லை' பட்டனைத் தொட்டான். உருவம் அணைந்தது.

அவனுக்கு அதுதான் வேலை. கம்பெனி புதிதாக விற்கப்போகும் அந்தச் சின்ன எலக்ட்ரிக் காரின் கூரைக்குள் ஒரு சென்சார் இருந்தது. தூங்கும் குழந்தையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போகிற பெற்றோர்களுக்காக வைத்தது. போர்வைக்குள் சுருண்டு கிடந்தாலும் நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து உயிர் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு ஆர்வக்கோளாறு. பாதி நிரம்பிய தண்ணீர் கேன் ஆடினாலும் குழந்தை என்றது, பலூன் அசைந்தாலும் குழந்தை என்றது. அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்து, ஏமாந்த ஒவ்வொரு முறையும் 'யாருமில்லை'யைத் தொடுவான். இந்த மாதிரி அசைவு உயிரில்லை என்று கார் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு அதைக் கணக்கில் எடுக்காது.

'ஆள் உண்டு' என்று சொல்வதற்குப் பட்டன் கிடையாது. ஒரு மீட்டிங்கில் யாரோ அதைக் கேட்டபோது அவன்தான் மறுத்தான். "ரெண்டு பட்டன் வச்சா ஜனங்க குழம்பிடுவாங்க சார். குழந்தை இருந்தா காருக்கே தெரியும். நாம சொல்லித்தர வேண்டியதில்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கேன் அடங்கிவிட்டது. பலூனும் அடங்கியது. இந்த இடது இருக்கை மட்டும் அடங்க மறுத்தது.

ஆபீஸின் அடித்தள பார்க்கிங்கில், கூட வேலை செய்கிற குண்டூசி லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு சென்சார் அலையாக வரைந்திருந்த அந்த மூச்சின் கோட்டைப் பார்த்தான். உடம்பு அப்படி, நாக்கும் அப்படி. யார் வைத்த பெயரோ, சரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

"சார், இது தூங்குற குழந்தையேதான். முதல் அளவு உங்க பொண்ண படுக்க வச்சுத்தானே எடுத்தோம்?"

"ஆமா."

"அந்தப் பழைய பதிவு எங்கயாவது மாட்டிட்டு இருக்கும். அழுத்திட்டே இருங்க, தானா போயிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், உங்க சென்சாருக்கு அசைஞ்சதெல்லாம் பிள்ளை."

சிரித்துவிட்டான். ஆனால் கோட்டை அவன் அடையாளம் கண்டுகொண்டிருந்தான். ஏற்றத்தின் நடுவே ஒரு சின்னத் தடுக்கல். அவன் மகள் குட்டி பிறந்ததிலிருந்து அப்படித்தான் மூச்சு விடுவாள். இருட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு எத்தனையோ நாள் அதைக் கேட்டிருக்கிறான். இருந்தும் அழுத்தினான். வேலை முடிய வேண்டுமே.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இன்ஜின் சத்தம் என்று ஒன்று இல்லாத கார் என்பதால் மற்ற எல்லாமே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன: நனைந்த ரோட்டை டயர் உரிக்கிற ஓசை, வைப்பர் கண்ணாடியை இழுக்கிற முனகல், புது பிளாஸ்டிக் நெடிக்கு அடியிலிருந்து மெல்லக் கிளம்பிய ஈரத்தலை வாசனை, அப்புறம் சிக்னலில் வைப்பரும் நின்ற ஒரு நொடியில், முதுகுக்குப் பின்னால், இடது பக்கம், நிதானமாக இழுத்து, நடுவில் தடுக்கி, விட்ட ஒரு மூச்சு. ஏர் கண்டிஷனராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அதை அணைத்தான். மூச்சு அணையவில்லை. பட்டனைத் தொட்டான். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி சட்டென்று நின்றது.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, குட்டிக்கு மூச்சு வாங்குது பாருங்க. இப்பதான், விளையாடிட்டு இருந்தவ அப்படியே உக்காந்துட்டா."

"சளியா இருக்கும்."

"டாக்டர் நெஞ்சு சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டார். எல்லாத்துக்கும் கையில ஒரு பதில் வச்சிருப்பீங்களே!"

அந்த வாரம் முழுக்க அவன் அழுத்தினான். அந்த வாரம் முழுக்கக் குட்டி தேய்ந்தாள். படியேற முடியவில்லை, பிறகு பாட முடியவில்லை, பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

வார முடிவில், மனைவி வேலையிலிருந்து இன்னும் திரும்பாத ஒரு மாலையில், குட்டியின் உதடு நீலம் பூத்தது. அவன் மனைவிக்குப் போன் போட்டான். "நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு." குட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். வீட்டில் இருந்த ஒரே வண்டி அந்தக் கார்தான். கை தன்னையறியாமல் வலதுபக்கக் கதவையே திறந்தது. அவளை உட்காரவைத்து பெல்ட் போட்டான்.

"அப்பா இருக்கேன்டா. பயப்படாத."

குட்டி தலையாட்டினாள்.

கார் மழைக்குள் கிளம்பியது. திரையில் பச்சை உருவம் எரிந்தது. இடது பக்கத்தில்.

வலது இருக்கை இருட்டாக இருந்தது.

"குட்டி, சத்தமா மூச்சு விடும்மா," என்றான். கேட்டான். ஒரு மூச்சுத்தான் கேட்டது. இடது பக்கமிருந்து. முன்னைப்போல மெலிதாக இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவன் தூங்குகிற மாதிரி, கொழுத்த மூச்சு. நடுவில் அதே தடுக்கல்.

அப்போதுதான் புரிந்தது. பாவி, இத்தனை நாளும் யாருடைய மூச்சை உயிரில்லை என்று சொல்லிக்கொடுத்தேன்?

பட்டனைத் தொட்டால் குட்டிக்கு மிச்சமிருப்பதும் போகும். தொடாவிட்டால் இடது பக்கத்தில் இருக்கும் அது அவள் மூச்சைக் குடித்துக்கொண்டே இருக்கும். 'ஆள் உண்டு' என்று சொல்ல வழியில்லை. இருண்டு கிடந்த வலது இருக்கையின் படத்தை விரலால் குத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி குத்தினான். "இருக்காடா! என் பொண்ணு இருக்கா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான். கார் கேட்டுக்கொள்ளவில்லை. அது கற்றதைக் கற்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசல். ஹாரன். மனைவி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்குவதற்குள் வார்டு பையன் ஒருவன் ஓடிவந்து இடதுபக்கப் பின்கதவைத் திறந்தான்.

"அந்தப் பக்கம்ப்பா! வலது பக்கம்!"

"இதோ, எடுத்துட்டேன் சார்."

அவன் இறங்கித் தன் கதவைச் சாத்துகையில் உள்ளே பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. வார்டு பையன் நிமிர்ந்தபோது அவன் கைகளில் ஒரு பெண் குழந்தை இருந்தது. குட்டியின் சட்டை. குட்டியின் முடி. காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான். எல்லாக் கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொண்டன.

மனைவி குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். "ஐயோ என் ராசாத்தி! மூச்சு நல்லா வருதுங்க! நல்லா வருது!" அழுதுகொண்டே சிரித்தாள்.

அவன் வலதுபக்கப் பின்கதவுக்குப் பாய்ந்தான். காற்றுக்குத் தடையாக இருக்கக்கூடாதென்று கைப்பிடிகளைக் கதவுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற மாதிரி செய்திருந்தார்கள். பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. போன்தான் சாவி, போன் முன் இருக்கையில் கிடந்தது. முழங்கையால் கண்ணாடியை இடித்தான். ஆஸ்பத்திரிக் காவலாளி ஓடிவந்து பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தான்.

"சார், சார்! காலி வண்டியைப் போய் ஏன் சார் உடைக்கிறீங்க?"

"பாப்பா உள்ள இருக்கா! நல்லாப் பாருய்யா!"

காவலாளி குனிந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான். "யாருமில்ல சார்," என்றான் பரிதாபமாக.

"ஏங்க, பிள்ளை பிழைச்சுட்டா! அங்க நின்னு என்ன பண்றீங்க? வாங்க!" மனைவி கூப்பிட்டாள். அவள் தோளில் சாய்ந்திருந்த முகம் அவனைப் பார்த்தபடி, சாவகாசமாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெல்ட் போட்டபடி, குட்டி இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு கண்ணாடியில் நசுங்கியிருந்தது. வாய் 'அப்பா' என்று திறந்து திறந்து மூடியது. மழையில் குளிர்ந்திருந்த அந்தக் கண்ணாடியில், அவள் வாய்க்கு நேரே, துளி ஆவிகூடப் படியவில்லை.