காலியாக இருந்த ஸ்லாட்

உள்ளே தூசியே இல்லை.

அதுதான் அவளுக்கு முதலில் இடித்தது. எட்டு வருட லேப்டாப். சாப்பாட்டு மேசை, கட்டில், சமையல் மேடை என்று கண்ட இடத்தில் கிடந்து, மகளின் பிஸ்கட் தூளையெல்லாம் தின்று வளர்ந்த சாமான். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தம்பி போனில் எச்சரித்திருந்தான்: "மூக்கைக் கட்டிக்கோக்கா, உள்ள ஒரு தலையணைக்குப் பஞ்சு இருக்கும்." அவளும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரி மாதிரி உட்கார்ந்து அடி மூடியைக் கழற்றினால், உள்ளே கழுவித் துடைத்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. துண்டை இறக்கினாள். தூங்கி எழுந்த வாயின் புளித்த வாடை லேசாக வந்தது.

வெளியே பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. பள்ளிக்கூடம் லீவு. ஏழு வயது மகள் எதிர் நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு, போன வாரம் விழுந்த முன்பல்லின் சந்து வழியாக விசிலடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதே விசில்.

"கொஞ்சம் நிறுத்துடி. உயிர் போகுது."

"சரிம்மா" என்றாள் மகள். அந்த 'ச'வும் விசிலாகத்தான் வந்தது.

சாயங்காலத்துக்குள் கல்யாண ஆல்பம் வந்து சேராவிட்டால் இனி வேலை கிடையாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். இந்த லேப்டாப்பிலோ, ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். அதற்குத்தான் வேகமான புது எஸ்.எஸ்.டி. டிஸ்க், புது ராம் மெமரி. பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் நேற்றே புதியதில் நகல் எடுத்துவிட்டாள். மாற்றிப் பொருத்துவதுதான் பாக்கி.

பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு டிஸ்கை மாற்றினாள். அது சொன்ன பேச்சு கேட்டது. ராம் செருக இரண்டு ஸ்லாட். ஒன்றில் பழைய ராம். இன்னொன்று, வாங்கிய நாளிலிருந்தே காலி. அந்தக் காலி ஸ்லாட்டின் ஓரங்கள் மட்டும், ஆள் புழங்கும் வாசற்படி போலத் தேய்ந்து மழமழவென்று இருந்தன.

புது ராமைச் சாய்த்துச் செருகி அமுக்கினாள். இரண்டு பக்கமும் கிளிப் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. ஒயரை மாட்டி, மூடி, ஆன் செய்தாள். கறுப்புத் திரை. பீப், பீப், பீப்.

திறந்தால், ராம் ஸ்லாட்டில் இல்லை. பேட்டரியின் மேல் கிடந்தது.

"சரியா அமுக்கியிருக்க மாட்டக்கா" என்றான் தம்பி, போனில்.

"டக்குன்னு சத்தம் கேட்டுச்சுடா!"

"கேட்டா ஏன் வெளிய வருது? எல்லாம் உன் கைராசி."

போனை வைத்தாள். மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் பீப். மறுபடியும் ஒவ்வொரு திருகாகக் கழற்றல். ஒரு திருகு மேசைக்கடியில் உருண்டு ஓட, அதைத் தேடிப்போய்த் தலையை இடித்துக்கொண்டாள். தம்பி மேல், ஸ்டுடியோக்காரர் மேல், மழை மேல், அந்த விசில் மேல், எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது.

இந்தத் தடவை மூடவில்லை. ராமைப் பொருத்திவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

இடது கிளிப் விலகியது. மெல்ல. தானாக. பிறகு வலது. ராம் அடியிலிருந்து எழும்பியது.

பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"நீ வேற என் உயிரை வாங்காத!"

இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். அடியிலிருந்து ஏதோ எதிர்த்து அழுத்தியது. மெத்தென்று. வெதுவெதுப்பாக. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமுக்கினாள். மணிக்கட்டை உரசிக்கொண்டு ஈரமாக ஒரு மூச்சு வெளியேறியது.

டக். ராம் நின்றது.

"அம்மா, அது இனிமே எங்க இருக்கும்?"

"எதுடி?"

"அங்க இருந்தது."

"தொணதொணன்னு பேசாம உள்ள போய் விளையாடு."

ஒயரை மாட்டி, மூடியை முடுக்கி, ஆன் செய்தாள். லேப்டாப் கண்மூடித் திறப்பதற்குள் உயிர்பெற்றது. போட்டோக்கள் தொட்டவுடன் திறந்தன. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மளமளவென்று பக்கங்களை அடுக்கி அனுப்பினாள். கிடைத்தது என்று ஸ்டுடியோவிலிருந்து பதிலும் வந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். மழை விட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

விசில் இல்லை.

எப்போதிலிருந்து இல்லை?

"சாப்பிடறியாடி?"

"சரிம்மா."

'ச' சுத்தமாக விழுந்தது.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன.

"வாயைத் திற."

திறந்தாள். புளித்த வாடை. பல் விழுந்த இடத்தில் ஈறு துடைத்து வைத்தாற்போலப் பளபளத்தது. சந்துக்குள் இருட்டு.

இருட்டு நகர்ந்தது.

மேசைக்கு ஓடினாள். லேப்டாப்பைக் கவிழ்த்தாள். திருகுகள் தெறித்தன. ராமைப் பிடுங்கி எறிந்தாள். திறந்த லேப்டாப்பை மகளின் முகத்துக்கு நேரே ஏந்தினாள்.

"வந்துடு. இந்தா, உன் இடம். காலியா இருக்கு. தெரியாம பண்ணிட்டேன். வந்துடு."

மகளின் உதடுகள் பிரிந்தன. அவளாகப் பிரிக்கவில்லை. கறுப்பாக, ஈரமாக, விரல் நுனியளவு ஒன்று எட்டிப் பார்த்தது. ஸ்லாட்டைப் பார்த்தது. பிறகு, லேப்டாப்பை ஏந்திய கட்டைவிரல்களை.

பின்வாங்கியது.

"வரலையாம், அம்மா" என்றாள் மகள். அத்தனை தெளிவாக. "இங்கதான் வெதுவெதுன்னு இருக்காம்."

ஈறின் இரண்டு பக்கமும் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது.