அடித்தது போக மீதி

பதினோரு தாள்களிலும் ஒரே கவிதைதான் இருந்தது.

கொரின் ஃப்ரீசன் முதலில் அதைக் காப்பி என்றுதான் நினைத்தாள். பனிப்புயலால் கனடாவின் வின்னிபெக் நகரில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்த பிற்பகல். ஜுரத்தில் படுத்திருக்கும் ஆறு வயது மகள் எலிஸுக்காக மூன்று இரவு விழித்ததில் கண் எரிய, சமையலறை மேசையில் பெரியவர்களுக்குத் தான் நடத்தும் கவிதை வகுப்பின் தாள்களைத் திருத்த உட்கார்ந்திருந்தாள். அவள் கொடுத்திருந்த பயிற்சி இதுதான்: பழைய புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து, வேண்டாததையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்து, மிஞ்சும் வார்த்தைகளைக் கவிதையாக்க வேண்டும். வெந்நீர் ஹீட்டர் கையேடு, பின்னல் புத்தகம், ஹாக்கிப் பத்திரிகை என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருந்தார்கள். மிஞ்சியதோ எல்லாவற்றிலும் அதே நான்கு வார்த்தை.

அறையில் குழந்தை மட்டும் இல்லை.

வகுப்பிலேயே மூத்தவர் கார்டி, ஓய்வுபெற்ற லாரி டிரைவர். அலுப்பும் எரிச்சலுமாக அவருக்குப் போன் செய்தாள்.

"என்ன கார்டி, எல்லாரும் கூட்டு சேர்ந்து என்னைக் கலாய்க்கிறீங்களா?"

"நான் என் லாரியைப் பத்தித்தானே எழுதினேன் டீச்சர். பதினேழு வார்த்தை விட்டு வச்சேனே. ஒண்ணுகூட சேர்க்கல. அடிக்கலாம், சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதானே தொண்டை கிழியக் கத்துனீங்க."

போனை வைத்தபோது அறைக்குள் எலிஸ் இருமினாள். ஜன்னலில் பனி உரசும் சத்தத்துக்கு நடுவே, மார்க்கர் நெடி மூக்கில் ஏற, கொரின் அந்த இருமல் ஓயக் காத்திருந்தாள். ஓய்ந்தது. பிறகு அதே இருமல், கொஞ்சம் தாழ்ந்த குரலில், இன்னொரு முறை கேட்டது.

"எலிஸ், ரெண்டு தடவை இருமினியாம்மா?"

"இல்லம்மா. நான் ஒரு தடவைதான். அது என்னைப் பாத்து இருமுது."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் தூக்கமில்லாத மூளைக்குப் பழகிய வேலைதான் முதலில் தோன்றியது. அந்த 'மட்டும்'தான் இன்னொன்றை உள்ளே விட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் போதும். மார்க்கரைப் பிடித்து அடித்தாள். ஒரு தாள். அடுத்தது. பதினொன்றும்.

அறையில் சத்தம் நின்றது. அப்பாடா என்று மேசையில் சாய்ந்தாள். அப்புறம்தான் மிஞ்சியதைப் படித்தாள்.

அறையில் குழந்தை இல்லை.

ஓடினாள். கதவு. கட்டில். எலிஸ் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியில் இல்லை. ஜன்னல் உறைந்து, பூட்டியபடியே இருந்தது. மெத்தையில் கை வைத்தாள். ஜுரச் சூடு.

"எலிஸ்."

தலையணையிலிருந்து பதில் வந்தது. அந்தத் தாழ்ந்த இருமல். அங்கே ஒரு சின்னத் தலை அழுந்திய குழி இருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே அது மெல்ல நகர்ந்து, அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தது.