ஆள் பார்க்க வந்த வீடு

ராகுகாலம் கழித்து வருவதாக வீடு சொல்லி அனுப்பியிருந்தது. அண்ணி கேசரி கிளறி வைத்திருந்தாள்.

"வீடு கேசரி தின்னுமா அண்ணி?" என்றாள் கோதை.

"தின்னாட்டி என்ன? வாசனை போகும்ல. சமைச்சுச் சாப்பிடுற குடும்பம்னு தெரியட்டும். நீ மொதல்ல அந்தச் சட்டையை மாத்து."

செவ்வாய்க் கிரகத்தில் யாரும் வீடு பார்க்கப் போவதில்லை. வீடுகள்தான் ஆள் பார்க்க வரும். புதுநல்லூர் இப்போதுதான் வளர்ந்துவரும் புறநகர். கீழே கடைகள், மேலே காந்தத் தூண்களைப் பற்றிக்கொண்டு அடுக்கடுக்காக மிதவீடுகள். வாடகைக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு வீடு தூணிலிருந்து கழன்று, ஊரை மூடிய கண்ணாடிக் கூரைக்கடியில் மிதந்து, அவர்கள் வாசலில் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுமூளை. பூமியில் மனிதர்கள் பேசிவைத்ததையெல்லாம் கேட்டு வளர்ந்தது. யாரைக் குடிவைப்பது என்பது அதன் முடிவு.

கோதை படுத்துக்கொள்வது அண்ணன் வீட்டுக் கூடத்தில். கூடத்துக்குச் சன்னல் கிடையாது. வேலை, புதுநல்லூரில் ஒரு மூச்சுக்கலன் கடையில். அங்கிருந்து அண்ணாந்தால் ஆறாம் அடுக்கில் ஓர் அகலச் சன்னல் தெரியும். வெகுநாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரப்போகிற வீடு அதுதான்.

வந்தது. சத்தமே இல்லை. தூக்கத்தில் நடந்து வருவதுபோல வந்து வாசலை ஒட்டி நின்றது.

"உள்ள வாம்மா."

கோதை நேராகச் சன்னலுக்குப் போனாள். செவ்வாயின் சூரியன் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நீலம் அவள் கைகளில் படிந்தது. கீழே தன் உடம்பு இருப்பதையே சற்று நேரம் மறந்தாள்.

"பாதம் சில்லுனு இருக்கே," என்றது வீடு. தரை மெல்லச் சூடேறியது. "தனியாவா இருக்கப்போற?"

"ஆமா."

"கல்யாணம்?"

"ஆகலை."

"ஆகுமா?"

"தெரியலை."

"சிநேகிதங்க வந்து போவாங்களோ?"

"வந்தா, போவாங்க."

வீடு சிரித்தது. அலமாரிக் கதவுகள் குலுங்கின.

"ரொம்ப அமைதியான பொண்ணுங்க," என்றாள் அண்ணி வாசலிலிருந்து. "இருக்கிற இடமே தெரியாது."

அது உண்மைதான். கூடத்தில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை.

குலுங்கிய கதவுகளை வீடு சாத்திக்கொண்டது. பிறகு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன்," என்றது.

"நல்லா இருக்கே கூத்து! வீடே வீட்டுல போய்க் கேக்கணுமாம்!" என்றாள் அண்ணி.

கோதை சன்னலை விட்டு நகரவில்லை. "என்னை உங்களுக்குப் பிடிக்கலையா?"

"உன்னை யாருக்கும்மா பிடிக்காது? நீ வந்து நின்னதும் தரை தானாச் சூடாயிருச்சே. ஆனா, தனியா ஒரு பொண்ணைக் குடிவச்சா நாலு வீடு என்ன பேசும்?"

"அந்த நாலு வீட்டுலயும் யார் இருக்கா?"

வீடு தயங்கியது. "யாரும் இல்ல. அதுங்களுக்கும் இன்னும் சரியான ஆள் அமையலை."

அவள் இறங்கிக்கொண்டாள். வீடு மிதந்து போனது. அதன் சன்னலில் கடைசி நீலம் மங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கேசரித் தட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

தூரத்தில் புதுநல்லூர் அடுக்கடுக்காக விளக்கேற்றிக்கொண்டது. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லா வீடுகளும் நல்ல பெயரோடு இருந்தன.