நடைச்சுவரில் ஐம்பத்தேழு கோடுகள்

"யார் பார்த்த வேலை இது?"

காலை ஏழு மணிக்கு மாமனார் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. முந்தாநாள்தான் நடைச்சுவருக்கு முதல் கோட் பெயிண்ட் அடித்துக் காயவிட்டிருந்தார். அதில் இப்போது பென்சில் கோடுகள்! நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று என்று முழ நீளத்துக்குப் போயிருந்தன. நாற்பது வருடமாக ஊரார் வீட்டுச் சுவர்களைப் பளபளப்பாக்கிக் கொடுத்த பெயிண்டர் அவர். சொந்தச் சுவரில் கிறுக்கினால் சும்மா விடுவாரா?

"நான்தான் மாமா..." என்று ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள் மருமகள்.

"நீயா? எட்டு வயசுப் பிள்ளைகூட செய்யாதே இதை!"

"எண்ணினேன் மாமா. எண்ணும்போது மறந்துடக் கூடாதுன்னு கிழிச்சேன். பேப்பர் தேடப் போனா அதுக்குள்ள அவன் அடுத்ததை எடுத்துடறான்."

"எவன்? எதை?"

"உருண்டை. நேத்து காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாயில என்னென்ன வெக்கிறான்னு பார்த்தேன். ஐம்பத்தேழு! சாவிக்கொத்து, உப்புத்தாள், வாளிப்பிடி, அக்காவோட ஷூ லேஸ், நாற்காலிக் கால்... நாற்காலிக் காலை மூணு தடவை சப்பினான், நான் ஒண்ணுன்னுதான் வெச்சேன்."

உருண்டை என்பது நாத்தனாரின் பத்து மாதப் பையன். தவழ ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. இப்போதும் தாயின் இடுப்பில் இருந்தபடி அவள் துப்பட்டா நுனியைத் தின்றுகொண்டிருந்தான்.

"உங்களுக்கு வேற வேலை இல்லையா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

வேலை இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் அதன் அடிவரை போகாமல் மருமகளுக்குத் தூக்கம் வராது. இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போனது சுகாதார நர்ஸ். இரண்டு நாளைக்கு முன் வீடு தேடி வந்தவள், உருண்டையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலு மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய ஊசிகள் பத்து மாதமாகியும் பாதியில் நின்றன. வியாழக்கிழமை வாருங்கள், மூன்று ஊசி, ஒரு சொட்டு மருந்து, எல்லாம் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்றாள்.

பாதியில் நின்றதற்குக் காரணம் மாமனார்தான். "ஒரு கோட் காயாம அடுத்த கோட் அடிச்சா உரிஞ்சு வந்துடும். உடம்பும் அப்படித்தான்!" என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு தடவைக்கு ஒரு ஊசி, நடுவில் ஒரு மாதம் காய வேண்டும். அந்த மாதத்தில் சளி பிடித்தால் இன்னொரு மாதம். இப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோதுதான், அடுத்த தெருவில் இரண்டு கைக்குழந்தைகள் கக்குவான் இருமலில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் செய்தி வந்தது.

"இத்தனையை ஒரே நாள்ல அந்தச் சின்ன உடம்பு தாங்குமா?" என்று மருமகள் நர்ஸைக் கேட்டிருந்தாள். நர்ஸ் சிரித்தாள். "ஒரு நாள் பூரா இவன் வாயில என்னென்ன போகுதுன்னு எண்ணிப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் எத்தனை கிருமி! அத்தனையையும் அந்த உடம்பு ஒரே நேரத்துல அடையாளம் பார்த்து வெக்குது. இந்த ஊசி எல்லாத்தையும் சேர்த்தாக்கூட அதுல ஒரு துளி வராது."

நர்ஸ் சும்மா பேச்சுக்குச் சொன்னாள். இவள் நிஜமாகவே எண்ணிவிட்டாள்.

"அதனால..." என்று மெல்லத் தொடங்கினாள் மருமகள். "இன்னிக்கு வியாழக்கிழமை மாமா. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடலாம்."

மாமனார் முகம் மாறியது. "நாலூசி! உனக்கு இன்னும் புத்தி வரலையா?"

நாலூசி. ஏழு வருடமாக இந்த வீட்டில் அதுதான் அவள் பெயர். முதலில் கோபத்தில் வைத்த பெயர், பிறகு கேலியாகி, பிறகு பழகிவிட்டது. பழகியது மற்றவர்களுக்கு. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது.

நாத்தனாரின் மூத்த பெண்ணுக்கு அப்போது ஒரு வயது. தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று மருமகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு ஊசி போட்டு வந்தாள். மறுநாள் மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. அவள் மடியிலேயே கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காய்ச்சலில் வரும் வலிப்பு இது, பயமுறுத்தும், ஆனால் எந்தப் பாதிப்பும் இல்லாமல் போய்விடும் என்றார் டாக்டர். போயும் விட்டது. குழந்தை மறுநாளே விளையாடியது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒரு குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. தொட்டிலை ஆட்டலாம், துணி துவைக்கலாம், தூக்க மட்டும் கூடாது. தனக்கென்று ஒன்று பிறக்காத அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது!

"ஒரு தடவை என் பொண்ணு பட்டது போதாதா?" நாத்தனாருக்கு அழுகை வந்துவிட்டது. "பெத்தவளுக்குத்தான் தெரியும் அண்ணி அந்த வலி! உங்களுக்கு எப்படித் தெரியும்..."

சொன்னவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் அழவில்லை. சுவரோரம் இருந்த பெயிண்ட் வாளியைப் பார்த்தாள். "மாமா, ஒண்ணு கேட்கலாமா? இந்தப் பச்சைக்கு எத்தனை கலர் கலந்தீங்க?"

"மூணு. எதுக்கு?"

"மூணையும் ஒண்ணா அடிக்கிறீங்களே, உரியுதா?"

பெயிண்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

"ஊசி போட்டா காய்ச்சல் வராதுன்னு நான் சொல்லலை," என்று நாத்தனாரிடம் திரும்பினாள். "வரலாம். சில பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் ஏறினா வலிப்பு வரும். அது ஊசிக் காய்ச்சலா இருந்தாலும் வரும், வெறும் சளிக்..."

அங்கே நிறுத்திக்கொண்டாள். ஆனால் அந்த அரை வார்த்தை நாத்தனாரின் முகத்தில் அறைந்தது.

"அண்ணி... உங்களுக்குத் தெரியுமா?"

மருமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்! எத்தனை நாளா தெரியும்?"

"விடும்மா. இப்ப எதுக்கு அது?"

"எத்தனை நாளா அண்ணி?"

"ஆறு வருஷமா. உன் கைப்பை ஜிப்பைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தியே... அதுக்குள்ள டாக்டர் எழுதின சீட்டு இருந்தது."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா... என் பொண்ணுக்கு ரெண்டாவது தடவையும் வலிப்பு வந்துச்சுப்பா. ரெண்டு வயசுல, அவங்க அப்பா வீட்டுல இருந்தப்ப. ஊசியே போடலை! வெறும் சளிக் காய்ச்சல். அவ உடம்பு வாகு அப்படி, அஞ்சாறு வயசுல சரியாயிடும், ஊசியை நிறுத்தாதீங்கன்னு டாக்டர் எழுதியே கொடுத்தார். நான்தான் மறைச்சுட்டேன்..."

"ஏன்டி சொல்லலை?"

"எப்படிச் சொல்வேன்? ஒரு வருஷமா அண்ணியை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். அவங்க மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் எந்த முகத்தோட சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் எனக்கே பயம் வந்துடுச்சு. ஊசியைப் பார்த்தாலே அந்த வலிப்புதான் கண்ணுல நிக்குது. எது உண்மைன்னே தெரியலை!"

மாமனார் மருமகள் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை?"

"அந்த வாரம்தான் இவ புகுந்த வீட்டுல சண்டை போட்டுட்டுப் பெட்டியும் கையுமா வந்து நின்னா மாமா. அப்புறம் சமாதானமாச்சு, ஆனா அன்னிக்கு அவளுக்குன்னு இருந்தது உங்க அன்பு ஒண்ணுதான். நான் எப்படி அதைப் பறிப்பேன்? எனக்கு ஒரு பேர்தானே போச்சு..." குரல் உடைந்தது. "ஆனா இவன் விஷயத்துல வாயை மூடிட்டு இருக்க முடியலை. அதான் கோடு கிழிச்சேன். உன்னைக் காட்டிக் கொடுக்காம வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா."

நாத்தனார் எழுந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள்.

"வாங்க. நீங்களே தூக்கிட்டு வாங்க."

ஏழு வருடத்துக்குப் பிறகு கையில் ஒரு குழந்தையின் கனம்! உருண்டைக்கு அதெல்லாம் தெரியாது. அவள் வளையலை இழுத்து வாயில் வைத்தான்.

"ஐம்பத்தெட்டு," என்றாள் மருமகள் அழுதுகொண்டே.

நான்கு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்ஸிடம் நாத்தனார் எதையும் மறைக்கவில்லை.

"சொன்னது நல்லதா போச்சு," என்றாள் நர்ஸ். "போடலாம். ஒவ்வொரு ஊசியையும் தனியாவும் சோதிச்சிருக்காங்க, மத்ததோட சேர்த்தும் சோதிச்சிருக்காங்க. காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். அக்காவுக்கு வந்ததால இவனுக்கும் வலிப்பு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா உடனே ஆஸ்பத்திரி. வாயில எதையும் வெக்காதீங்க."

"அவன் வெக்கிறதே போதும்!" என்றார் மாமனார். நர்ஸுக்கும் சிரிப்பு வந்தது.

இடது தொடையில் இரண்டு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு. வலது தொடையில் ஒன்று. எதில் எது என்று நர்ஸ் அட்டையில் குறித்தாள். ஏன் குறிக்கிறீர்கள் என்று மருமகள் கேட்டாள். எந்தப் பக்கம் வீங்கினாலும் எந்த ஊசி என்று தெரிய வேண்டாமா என்றாள் நர்ஸ். உருண்டை மூன்று தடவை வீறிட்டான், நான்காவதாகச் சொட்டு மருந்தைச் சப்புக்கொட்டிக் குடித்தான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் உடம்பு சுட்டது. நாத்தனார் நிமிஷத்துக்கொரு தரம் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் சொன்ன அளவுக்கு மருந்து கொடுத்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி மடியில் வைத்திருந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் காய்ச்சல் விட்டது. உருண்டை இறங்கித் தவழ்ந்து நேராக நாற்காலிக் காலிடம் போனான்.

அவனைத் தூக்கப் பின்னாலேயே வந்த மருமகள் நடையில் நின்றுவிட்டாள். சுவருக்கு இரண்டாவது கோட் அடித்தாகிவிட்டது. மூலை முடுக்கெல்லாம் பச்சை. அந்தக் கோடுகள் இருந்த முழ நீள இடத்தை மட்டும் ஓரம் பிசகாமல் சுற்றி அடித்துவிட்டு, அப்படியே விட்டிருந்தார்.

மாமனார் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார்.

"கேட்கணும்னு இருந்தேன். அந்தக் கடைசிக் கோடு, ஐம்பத்தேழாவது... அது என்னது?"

"உங்க கட்டைவிரல் மாமா. சாயங்காலம் நீங்க வேலையிலேருந்து வந்ததும் அதைத்தான் கடிச்சான்."

அவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் நாற்பது வருடத்துப் பெயிண்ட்.

"அடப்பாவி! ஊரு அழுக்கெல்லாம் இதுலதானே இருக்கு..." சிரிக்கப் போனவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலூ..." என்று பழக்கத்தில் தொடங்கிய நாக்கு நடுவில் நின்றது. "என்னை மன்னிச்சுடும்மா."

மருமகள் பதறிப்போய், குழந்தையை அவரிடம் நீட்டினாள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் யாராவது அழுதால் அவர்கள் கையில் குழந்தையைக் கொடுப்பதுதான் வழக்கம்.

மாமனார் கையை நீட்டவில்லை.

"என் கை ஈரமா இருக்கு," என்றார். "நீயே வெச்சுக்கோம்மா."